வேறுபடும் சொல் முன்னால்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம், ஞாயிற்றுக்கிழமை. பாளையங்கோட்டையின் மேல் வெயிலும் இல்லை, மழை என்று சொல்லத்தக்க மழையும் இல்லை. மேற்கே மலையில் பெய்துகொண்டிருந்ததன் ஓரம் மட்டும் காற்றோடு வந்து ஜன்னல் கம்பிகளில் பூத்துக்கொண்டிருந்தது. ஆனி மாதத்துச் சாரல் எங்கள் ஊர் வரை வந்து சேர்வதற்குள் தன் நீரையெல்லாம் வழியில் கொடுத்துவிட்டுக் குளிர்ச்சியை மட்டும் கொண்டுவரும். என் கணவர் செல்வின் சர்ச் கமிட்டிக்குப் போயிருந்தார். சபையார் எல்லோரும் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கு அரிசி யார் தருவது, ஆடு யார் தருவது என்பது முடிவாகாமல் திரும்பமாட்டார். வீடு முழுவதும் எனக்கு. நான் கணினியைத் திறந்து செவிநூலகத்தின் கோப்புகள் அனைத்தும் கிடக்கும் கோப்புறைக்குள் போனேன். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து வைக்கும் இணையதளம் அது. நான் மகளிர் கல்லூரி ஒன்றில் நூலகர் என்பதால் அதற்கு வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கோப்புறையைப் பார்க்கிற எவரும் அதை ஒரு நூலகர் வைத்திருக்கிறார் என்று நம்பமாட்டார்கள். கல்யாண வீட்டு இரவில் ஒரே கூடத்தில் தலைமாடு கால்மாடு பாராமல் படுத்துக்கிடப்பவர்களைப் போல, பக்கங்கள், ஒலிப்பதிவுகள், படங்கள், யாரோ அனுப்பி நான் அழிக்க மறந்த கடிதம், ‘புதியது’ என்று ஒரு கோப்பு, அதன் அருகிலேயே ‘புதியது மெய்யாகவே’ என்று இன்னொன்று. அலமாரியில் ஒரு புத்தகம் இடம் மாறி நின்றால் கல்லூரியில் எனக்கு அன்றைய உணவு இறங்காது. இங்கே இத்தனை வருடம் எப்படி இறங்கியது? திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, கோப்புகளின் பெயர்கள் மெல்ல மூச்சுவிடுவது போலிருந்தது. மூச்சுவிட்டது அவை அல்ல, வலக்கண்ணின் ஓரத்தில் இருக்கும் புகை என்று தெரிந்தும், ஒரு கணம் அவை உறங்குகின்றன என்று நம்புவதில் சுகம் இருந்தது.

முதலில் மெனு. பக்கத்தின் இடப்புறம் வரிசையாக நிற்கும் பாடங்களின் பெயர்கள். அதில் ஒன்றைத் தொட்டால் அந்தப் பாடத்துக்குப் போகலாம். நான் தளத்தைத் தொடங்கிய காலத்தில் எனக்குத் தெரிந்திருந்த ஒரே வழி, ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் அந்த வரிசையைத் தனித்தனியாக எழுதி வைப்பது. மூன்று பாடங்கள் இருந்த நாளில் அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. பிறகு பாடங்கள் பெருகின, பக்கங்கள் பெருகின, ஒரு புதிய பாடம் சேரும்போதெல்லாம் எல்லாப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து அந்தப் பெயரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. சேர்த்துக்கொண்டே போகும்போது அடுப்பில் பால் பொங்கும், அல்லது செல்வின் கூப்பிடுவார், அல்லது வெறுமனே சோர்ந்துவிடுவேன். விட்ட இடம் நினைவிலிருந்து நழுவிவிடும். அதனால் சில பக்கங்களில் பொருளாதாரம் இருக்கிறது, சில பக்கங்களில் இல்லை. ஒரு பழைய கணிதப் பக்கம், உலகத்தில் இன்னும் மூன்றே பாடங்கள்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. இறந்தவர் வீட்டில் கிழிக்கப்படாத நாட்காட்டி போல என்று நினைத்தேன், உடனே அந்த நினைப்பைத் தள்ளினேன், இன்றைக்கு அப்படி எதையும் நினைக்கக்கூடாது. இன்று நான் செய்யப்போவது எளிது. மெனுவைத் தனியாக ஒரே ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். எந்தப் பக்கம் திறந்தாலும் அது அந்த ஒரு கோப்பை வரவழைத்துத் தன் இடப்புறத்தில் நிறுத்திக்கொள்ளும். அந்த ஒன்றில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். பிறகு கோப்புகளை வகைப்படுத்தி அறைகளில் குடியமர்த்த வேண்டும்: பக்கங்களுக்கு ஓர் அறை, படங்களுக்கு ஓர் அறை, ஒலிக்கு ஓர் அறை, ஒலிக்குள் வகுப்புவாரியாக உள்ளறைகள். தளத்தில் நேரடியாகக் கைவைக்கவில்லை, நகல் ஒன்றை எடுத்து அதில்தான் செய்தேன். மாணவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர்கள் உட்கார்ந்திருக்கும் பாயை உருவக்கூடாது. எளிதுதான். ஏன் இத்தனை வருடம் செய்யவில்லை என்ற கேள்விக்கு, கண் இருந்தது என்பதுதான் பதில். எந்தக் குப்பைக்குள்ளும் கண் ஓடிப்போய் வேண்டியதை எடுத்து வந்துவிடும். கண் இருக்கிறவளுக்கு ஒழுங்கு எதற்கு.

இருக்கிறவள் என்று இன்னும் சொல்லிக்கொள்ளலாம். நாளைக் காலை கண் மருத்துவமனை. கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் நரம்பை நசுக்கும் நோய். மருத்துவர் அதைச் சொல்லும்போது கையில் இருந்த பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார், நான் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டு மருந்துக்கு அழுத்தம் இறங்கவில்லை. நாளை மறுபடியும் பார்வையின் பரப்பை அளந்து பார்த்துவிட்டு அறுவைச் சிகிச்சையை முடிவுசெய்வார்கள். போனது போனதுதான் மேடம், இருக்கிறதைக் காப்பாத்தப் பார்ப்போம் என்றார். இருக்கிறது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. வலது கண்ணில் நடுவில் ஒரு துண்டு மட்டும், சாவித்துவாரத்தின் வழியே பார்ப்பது போல. இடது கண் ஓரங்களிலிருந்து தொடங்கியிருக்கிறது. தெருவிளக்குகளைச் சுற்றி வளையங்கள் தெரிகின்றன, அவை அழகாக இருக்கின்றன, அந்த அழகுதான் என்னை முதலில் ஏமாற்றியது. ஒரு மாலை முழுவதும் மொட்டைமாடியில் நின்று அந்த வளையங்களை ரசித்தேன், மழைக்காற்றில் ஈரம் அதிகமாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு. பிறகு ஒரு நாள் பத்தாம் வகுப்பு அறிவியலை ஒலிப்பதிவு செய்துகொண்டிருக்கும்போது, வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கம் அகப்படவில்லை. விரலை வைத்துத் தேடினேன். பதிவில் அந்த இடத்தில் ஒரு மௌனம் இருக்கிறது, கேட்கிறவர்கள் நான் எச்சில் விழுங்குகிறேன் என்று நினைத்திருக்கலாம். வாசிப்பது போய்விட்டால் செவிநூலகத்தில் எனக்கு என்ன வேலை? வாசிக்க வேறு பெண்கள் இருக்கிறார்கள், கல்லூரியில் பாதிப் பேருக்கு என்னைவிட நல்ல குரல். ஆனால் அனுப்பப்படும் பதிவுகளை வாங்கி, பெயரிட்டு, இடம் கொடுத்து, வழி சொல்ல ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தியாக நான் இருளிலும் இருக்க முடியுமானால் போதும் என்று கொஞ்ச நாளாக மனம் பேரம் பேசிக்கொண்டே இருக்கிறது, யாரிடம் என்று தெரியவில்லை, ஆலயத்தில் முழங்காலில் நிற்கும்போதுகூட ஜெபத்துக்கு நடுவில் கோப்புறைகளின் பெயர்கள் வந்து நிற்கின்றன. செல்வினிடம் சொல்லவில்லை. கண்ணாடியின் பவரை மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவர், பவர் கூடினால் முகம் இன்னும் டீச்சரம்மா மாதிரி ஆகிவிடும் என்றார்.

நான்கு மணிக்குப் பிறகு, நகலில் எல்லாம் அதனதன் அறையில் குடியேறியதும், திரைவாசிப்பானை இயக்கினேன். திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்லும் மென்பொருள். எங்கள் மாணவர்கள் எல்லோரும் அதன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இணையத்தில் நடக்கிறார்கள். இயந்திரத்தின் ஆண்குரல், மூக்கடைத்த மாதிரி, எந்த வார்த்தைக்கும் முகம் மாறாத குரல். இதற்கு முன் பலமுறை அதைக் கேட்டிருக்கிறேன், ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டது கேட்டதே அல்ல. இன்று கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் இமைக்குள் ஒரு சிவப்பு, அதன் மேல் ஜன்னலின் சதுரம் கொஞ்ச நேரம் நின்று கரைந்தது. அம்புக்குறி விசையை அழுத்தினேன். ‘பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் வரலாறு பாடம் ஒன்று’ என்றது குரல். அழுத்தினேன். ‘பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் வரலாறு பாடம் இரண்டு.’ மறுபடியும் பத்தாம் வகுப்பு, மறுபடியும் சமூக அறிவியல். நான் தேடியது தேசியப் போராட்டம் பற்றிய பாடம். அது எத்தனையாவது என்று எனக்கே நினைவில்லை, குரலோ ஒவ்வொரு முறையும் ஊரின் பெயர், தெருவின் பெயர், குடும்பத்தின் பெயர் எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லி முடித்த பிறகுதான் ஆளின் பெயருக்கு வந்தது, அதுவும் வெறும் எண்ணாக. நான் பெயரிட்ட முறைதான் அது. ஒரே தொடக்கம் இருந்தால் எழுத்துகள் நேர்க்கோட்டில் நிற்கும், கண் அந்தத் தொடக்கத்தைத் தாண்டி வரியின் கடைசிக்குக் குதித்துவிடும், அங்கேதான் வேறுபாடு இருக்கிறது. நூலக அட்டைகளில் பழகிய கை அப்படித்தான் எழுதும். காதுக்குக் குதிக்கத் தெரியாது. காது வாசலில் நின்று முழுவதையும் கேட்க வேண்டும். நான் விசையை அழுத்திக்கொண்டே இருந்தேன், ஒரு கட்டத்தில் எந்தப் பாடத்தைத் தேடுகிறேன் என்பதே மறந்து, பத்தாம் வகுப்பு சமூக அறிவியல், பத்தாம் வகுப்பு சமூக அறிவியல், தூரத்தில் சரக்கு ரயில் போவது போல, பெட்டிக்குப் பெட்டி ஒரே நிறம், முடிவே வராத ரயில். சின்ன வயதில் தாழையூத்துப் பக்கம் ரயில் கேட்டில் அப்பாவின் சைக்கிளில் உட்கார்ந்து அப்படிப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போய்விடுவேன். இப்போதும் தூங்கிவிடுவேன் போலிருந்தது. இருட்டு இப்படித்தான் இருக்குமோ, பயங்கரமாக அல்ல, அலுப்பாக, எல்லாம் ஒரே மாதிரி தொடங்குவதாக? எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நினைத்தேன், கண்ணைத் திறக்காமல் குடித்துப் பார்க்கலாமா என்றும் நினைத்தேன், அதற்குள் கைபேசி அடித்தது. கண்ணைத் திறக்காமலே தடவி எடுத்தேன்; தெரிந்த அழைப்புதான், ஞாயிறு மாலைகளில் பொன்னுத்தாய் கூப்பிடுவாள்.

பொன்னுத்தாய்க்கு என் வயது. நாலு வயதில் அம்மை போட்டுப் பார்வை போனவள். வங்கி ஒன்றின் தலைமை அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து முன்கூட்டியே விருப்ப ஓய்வு பெற்றவள். தளத்தில் வழி தப்புகிற பிள்ளைகள் எனக்கு அல்ல, அவளுக்குத்தான் போன் செய்வார்கள். “ஏட்டி சுந்தரி, சாப்பிட்டுத் தூங்கினியா, இல்ல அண்ணாச்சிகூடச் சண்டையா?” என்றாள். “ரெண்டும் இல்ல. மெனுவைச் சரிபண்ணிக்கிட்டிருக்கேன்.” “ஐயோ, மறுபடியுமா? நீ சரிபண்ணப் பண்ண எங்களுக்கு வழி தப்பிப்போவுது. போன தடவை பெரிய மெனுவுக்குள்ள சின்ன மெனு, சின்னதுக்குள்ள குட்டி மெனுன்னு வச்ச பாரு, பொருளாதாரம் தேடிப் போன புள்ள தாவரவியல்ல போய் நின்னுக்கிட்டு எனக்குப் போன் போடுதா, ஆன்ட்டி இங்க ஒரே வேரும் இலையுமா கெடக்குன்னு.” நான் சிரித்தேன். “இந்தத் தடவை குட்டி மெனு கிடையாது. ஒரே ஃபைல்ல மெனு, அதுல மாத்தினா எல்லாப் பக்கத்துலயும் மாறிரும்.” “ஒன் வாசிப்பையும் அப்படி மாத்திரலாம்னா சொல்லு. பிரெஞ்சுப் புரட்சிக்கு நடுவுல ஒன் குக்கரு விசிலடிக்கும்லா, புள்ளைக அதையும் சேர்த்து மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு.” பிறகு, “வீட்டுல யாரு?” என்றாள். “யாரும் இல்லையே.” “பொய் சொல்லாத. நம்மாளு பேசுதான்லா பின்னால.” திரைவாசிப்பானை நான் நிறுத்தவில்லை, அது மேசையின் மேல் தன் பாட்டுக்கு ஏதோ ஒரு பட்டியலைச் சொல்லிக்கொண்டிருந்தது. “டெஸ்ட் பண்ணுதேன்” என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், இணைப்பின் இரு முனையிலும் இருப்பவர்களின் மூச்சைக் கேட்டே வேலைபார்த்தவள். “டெஸ்ட் பண்ணுதவ இந்த வேகத்துல வைக்கமாட்டா” என்றாள் பிறகு. “நாங்க வைக்கிற வேகத்துல அவன் பேசினா பக்கத்துல இருக்கவங்களுக்கு ரேடியோவைத் திருகுத மாதிரி இருக்கும். நீ ஒவ்வொரு சொல்லா, சின்னப் புள்ளைக்குச் சோறு ஊட்டுத மாதிரி வச்சிருக்க. இது புதுசாப் பழகுதவங்க வைக்கிற வேகம், சுந்தரி.” ஏட்டி இல்லை, வெறும் சுந்தரி. நான் அந்தக் குரலை நிறுத்தக் கையை நீட்டினேன், விசை அகப்படவில்லை. கண்ணைத் திறந்தால் அகப்பட்டிருக்கும். திறக்கவில்லை.

“எந்தக் கண்ணு?” என்றாள். சொன்னேன். எப்போதிருந்து என்றாள். அதையும் சொன்னேன். “கிறிஸ்மஸுக்கு முன்னாலயா? வாராவாரம் பேசுதோம், ஒன் மாமியாளுக்கு மூட்டுவலின்னுகூடச் சொல்லுத, இதைச் சொல்ல என்னட்டி வெக்கம்?” “வெக்கம் இல்ல.” “பின்ன?” அந்தப் ‘பின்ன’வுக்கு விடை என்னிடம் ஆறுமாதமாக இருந்தது. அவளிடம் சொல்வதற்காக எத்தனை முறை கைபேசியை எடுத்திருப்பேன். எடுக்கும்போதெல்லாம், அவள் காலையில் தானே எழுந்து தானே தோசை சுட்டுத் தானே பேருந்து ஏறி வாழ்ந்த அத்தனை வருடங்களும் என் முன் வந்து நின்றன. அவளுடைய வாழ்க்கையை நான் ஒரு பள்ளமாகப் பார்க்கிறேன், அதில் விழுந்துவிடுவேன் என்று நடுங்குகிறேன் என்பதை அவளிடமே எந்த நாக்கால் சொல்வது? “பொன்னு, நீ இருக்கிற இடத்துக்கு வர எனக்குப் பயமா இருக்கு. அதை ஒங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்” என்றேன். சொல்லிவிட்டேன். சாரல் நின்றிருந்ததா, அல்லது நான்தான் அதன் ஓசையை விட்டுவிட்டேனா தெரியவில்லை. மறுமுனையில் எவர்சில்வர் டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம். “பயமாத்தான் இருக்கும்” என்றாள். “என்னை ஒன் இடத்துக்கு வரச்சொன்னா எனக்கும் பயமாத்தான் இருக்கும். ரோட்டுல போற வாற அத்தனை பேரு மூஞ்சியையும் பாத்துக்கிட்டே நடக்கணும்லா, எப்படித்தான் தாங்குதியளோ.” எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணிலும் நீர் வந்தது, நோயுற்ற கண்ணும் அழத்தான் செய்கிறது. “அண்ணாச்சிக்குத் தெரியுமா?” “இல்ல.” “இன்னைக்குச் சொல்லு. நாளைக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போ. நீ சொல்லலைன்னா நான் போன் போட்டுச் சொல்லிருவேன், நம்பர் எனக்கு மனப்பாடம்.” பிறகு, குரலைக் கடைக்காரியைப் போல மாற்றிக்கொண்டு, “அந்த மெனு ஃபைலை என்னால மாத்த முடியுமா?” என்றாள். யோசித்தேன். எல்லாப் பக்கங்களிலும் சிதறிக்கிடந்த காலத்தில் முடிந்திருக்காது. ஒரே கோப்பு, ஒரு பாடத்துக்கு ஒரு வரி. எழுதிச் சேமித்தால் போதும். “முடியும்” என்றேன். “அப்ப வழியச் சொல்லு. நீ ஆஸ்பத்திரியில கெடக்கப்ப தளம் தூங்கணுமா என்ன?”

அவள் வைத்த பிறகு நான் பெயர்களை மாற்றத் தொடங்கினேன். பத்தாம் வகுப்பு என்பதை அறையின் வாசலிலேயே எழுதிவிட்டால் உள்ளே இருப்பவர் ஒவ்வொருவரும் அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. எந்தச் சொல் அதை மற்றவற்றிலிருந்து பிரிக்கிறதோ அந்தச் சொல் முன்னால். ‘உப்புச் சத்தியாகிரகம்’ என்று எழுதினேன். ‘வேலூர்ப் புரட்சி’ என்று எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். உப்பு என்றதுமே கை நின்றது. இப்படியே ஒவ்வொன்றாக. சில பதிவுகளில் என்ன இருக்கிறது என்று நினைவில்லாமல் திறந்து கேட்க வேண்டியிருந்தது, அங்கெல்லாம் என் குரல் இருந்தது, இப்போதையதைவிட மெலிந்த, அவசரமான குரல், பக்கத்தைத் திருப்பும் சரசரப்பு, தெருவில் பழைய பேப்பர்க்காரர், ஒரு காகம். தாவரங்களில் நீர் மேலேறும் விதத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேரிலிருந்து தண்டுக்கு, தண்டிலிருந்து இலைக்கு, அழுத்தம் என்ற சொல் வந்தது, அந்தக் குரலுக்கு அது வெறும் பாடச்சொல், தயக்கமின்றி அதைக் கடந்து போயிற்று. அவளை நிறுத்தி ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன சொல்ல? நிதானமாக வாசி என்றா, விளக்கு வளையங்களை நம்பாதே என்றா? அவள் அடுத்த பத்திக்குப் போய்விட்டாள், இலைத்துளைகள், ஆவியாதல், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் தன் ஈரத்தை விட்டுக்கொண்டிருந்தது, கம்பிகளில் இருந்த துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, விழலாமா என்று யோசித்து, விழுந்தன. வெளிச்சம் குறைந்துகொண்டு வருவது தெரியாமலில்லை. பெயர்களைக் காதால் வைத்துக்கொண்டிருந்ததால் அது என்னைத் தடுக்கவில்லை.

“என்ன, இருட்டுக்குள்ள உக்காந்திருக்க? உள்ள யாரோ ஆம்பளக் குரல் கேக்குதேன்னு வாசல்லயே நின்னுட்டேன்” என்றார் செல்வின். விளக்கைப் போட்டார், விளக்கைச் சுற்றி வளையம் வந்து உட்கார்ந்தது. சட்டைப்பையிலிருந்து கர்சீப்பை எடுத்துத் தலையைத் துடைத்துக்கொண்டே கமிட்டியைப் பற்றிச் சொன்னார்: சாம்பாரில் முருங்கைக்காய் போடுவதா கத்தரிக்காய் போடுவதா என்று ஜெபராஜ் வாத்தியாரும் பொருளாளரும் எழுந்து நின்று கத்திக்கொண்டார்களாம், கடைசியில் போதகர் ஐயரவர்கள் ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்துவைத்தாராம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்வதற்காகத் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் ஒன்றின்பின் ஒன்றாக வந்தன: ஒன்றும் பயப்படாதீங்க, ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, ஒன்றும் புதிதல்ல, எல்லோருக்கும் வயதானால் வருவதுதான். ஒன்றும், ஒன்றும், ஒன்றும். “ஏங்க, எனக்குப் பார்வை போய்க்கிட்டிருக்கு” என்றேன். கர்சீப் தலையின் மேல் அப்படியே நின்றது. பிறகு அவர் என் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார், நாற்காலி பக்கத்தில் இருந்தும். “கண்ணாடின்னுதானே சொன்ன?” “கண்ணாடி இல்ல.” முழுவதையும் சொன்னேன். மருத்துவர் பெயரைக் கேட்டார், மருந்தின் பெயரைக் கேட்டார், எந்த நேரத்தில் விடுகிறாய், நான் ஏன் ஒருநாளும் பார்க்கவில்லை என்று கேட்டார், குளியலறையில் என்றேன். “முருங்கைக்காயப் பத்தி எவ்வளவு நேரம் பேசினேன்” என்றார். அவருடைய முகத்தைப் பார்த்தேன். நடுவில் தெளிவாக, ஓரங்களில் புகைபடிந்து, பழைய நிழற்படம் மாதிரி. நான் அதை அப்படியே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் எழவில்லை.

மறுநாள் காலை செல்வின் மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் செய்து, மனைவியோடு மருத்துவமனைக்குப் போகிறேன் என்று காரணத்தைச் சொல்லி விடுப்பு கேட்டார். ஸ்கூட்டரை எடுக்காமல் ஆட்டோ பிடித்தார். ஏறியதும், ‘ஒனக்கு எந்தப் பக்கம் மோசம்?’ என்று கேட்டுவிட்டு இறங்கி, சுற்றி வந்து, என் வலப்பக்கம் உட்கார்ந்தார். பொன்னுத்தாய் தன் வீட்டில், இரவே நான் நகலைத் தளத்தில் ஏற்றிவிட்டுச் சொல்லிக்கொடுத்த வழியில் போய் மெனுக் கோப்பைத் திறந்து, ஒரு வருடமாகப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்த வணிகவியலுக்கு ஒரு வரி எழுதிச் சேமித்தாள்; பிறகு ஒவ்வொரு பக்கமாகப் போய்க் கேட்டு, எல்லாப் பக்கத்திலும் வந்துவிட்டதா என்று பார்த்தாள், பழைய கணிதப் பக்கம் உட்பட. நான் மருத்துவமனையில், இருட்டறையின் இயந்திரத்துக்குள் முகத்தைக் கொடுத்து, மோவாயைத் தாங்கியில் வைத்து, கையில் கொடுக்கப்பட்ட பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் இருக்கும் புள்ளியையே பாருங்கம்மா, சுத்தி எங்கயாவது வெளிச்சம் தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க, தெரியலைன்னா அமுக்க வேண்டாம் என்றாள் பரிசோதிக்கும் பெண். தெரிந்தபோது அமுக்கினேன். தெரியாதபோது, வெளிச்சம் இப்போது எங்கோ வந்திருக்கும் என்று இயந்திரத்தின் மெல்லிய ஓசை சொன்னபோதும், விரலை அசைக்காமல் வைத்திருந்தேன்.